‘ஏ’ தரம் பெற்ற கிழங்கு: ஒற்றைத் தலைவலிக்கு வந்த பட்டர்பர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஏப்ரலில் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் அமெரிக்கத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க மக்கள் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் மூலிகைகள், வைட்டமின்கள், தாது உப்புகள் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று அது தரம் பிரித்துச் சொன்னது. மெக்னீசியம், ரிபோஃபிளேவின், ஃபீவர்ஃபியூ என்ற மூலிகை ஆகியவை ‘பி’ தரம். கோஎன்சைம் க்யூ10 ‘சி’ தரம். ‘ஏ’ தரம், அதாவது ‘பலன் உறுதியானது, நோயாளிக்குத் தர வேண்டும்’ என்ற முத்திரை, பட்டர்பர் என்ற ஐரோப்பியச் செடியின் கிழங்குக்குக் கிடைத்தது.

மூன்றே ஆண்டில், 2015இல், அகாடமி அந்த வழிகாட்டுதலை மொத்தமாக விலக்கிக்கொண்டது. பலன் பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கல்லீரல் பாதிப்பு பற்றிய தகவல்கள்தான் காரணம்.

மாற்று மருத்துவம் என்றாலே சிலர் எல்லாவற்றையும் நம்புகிறார்கள், சிலர் எல்லாவற்றையும் ஏமாற்று என்று தள்ளுகிறார்கள். பட்டர்பர் இந்த இரண்டு தரப்புக்கும் பிடிகொடுக்காத நிகழ்வு. முறையான ஆய்வில் தேறிய மூலிகை, அந்த ஆய்வால் பார்க்கவே முடியாத ஓரிடத்தில் விழுந்தது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் மாற்று வழி தேடுகிறார்கள்?

ஒற்றைத் தலைவலி என்ற பெயரைக் கேட்டு, தலையின் ஒரு பக்கம் வலிக்கும் சாதாரண வலி என்று பலர் நினைக்கிறார்கள். வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, சின்னச் சத்தமும் மண்டைக்குள் இடிப்பது, அடுத்த நாள் முழுக்க அசதி, எல்லாம் சேர்ந்ததுதான் இந்த நோய். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணங்களோடு, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

என் அம்மாவுக்கு இது முப்பது வயதில் தொடங்கியது. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜன்னலை அடைத்துப் படுத்திருப்பார். “உளியை வெச்சு யாரோ அடிக்கிற மாதிரி இருக்குடா” என்பார். வலி மாத்திரைகள் அவருக்குக் கொஞ்ச நாள் கேட்டன. பிறகு மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிட்டது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளை 10 நாளுக்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால், தலைவலி இன்னும் அடிக்கடி வரத் தொடங்கும். இந்த நோயாளிகள் விழும் மிகப் பெரிய குழி இதுதான். ஆனால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எனவே வலி வந்தபின் அடக்குவதைவிட, வராமல் தடுக்கும் மருந்து தேவைப்படுகிறது. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோப்பிராமேட், நம் நாட்டில் அதிகம் எழுதப்படும் ஃபுளூனாரிசின் என்று பல இருக்கின்றன. பலருக்கு நல்ல பலனும் தருகின்றன. ஆனால் ஒன்றில் பகலெல்லாம் தூக்கம், இன்னொன்றில் உடல் எடை ஏறுகிறது. டோப்பிராமேட் சாப்பிட்டால் விரல்கள் மரத்துப்போகின்றன, சொல்ல வந்த வார்த்தை நாவில் வரமாட்டேன் என்கிறது. தலைவலி இல்லாத நாளிலும் நோயாளியாகவே இருக்க வேண்டிய நிலை. இந்த நிலையில் ‘பக்கவிளைவு இல்லாத மூலிகை’ என்று யாராவது சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வதில் எந்தத் தவறும் இல்லை.

ஆற்றங்கரைச் செடி

பட்டர்பரின் தாவரவியல் பெயர் பெட்டாசைட்டிஸ் ஹைப்ரிடஸ். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஆற்றோரங்களிலும் ஈர நிலங்களிலும் வளர்கிறது. குடைபோல் விரியும் இலை. அகன்ற விளிம்புள்ள தொப்பிக்குக் கிரேக்க மொழியில் உள்ள சொல்தான் அதன் தாவரவியல் பெயரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெண்ணெயை இந்த இலையில் பொதிந்து வைப்பார்களாம். ஆங்கிலப் பெயர் அப்படி வந்தது. ஜெர்மானியர்கள் அதைக் ‘கொள்ளைநோய் வேர்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். பிளேக் காலத்தில் கொடுத்துப் பார்த்த மருந்துகளில் அதுவும் ஒன்று.

கிழங்கில் பெட்டாசின், ஐசோபெட்டாசின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. வீக்கத்தைத் தூண்டும் சில பொருள்கள் உடலில் உருவாவதை இவை குறைக்கின்றன. அதே கிழங்கில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இவை கல்லீரலுக்கு நஞ்சு, புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியவை. ஆகவே பச்சைக் கிழங்கைக் கஷாயம் வைத்துக் குடிப்பது தொடக்கத்திலிருந்தே பேச்சுக்கு இடமில்லாத ஒன்று. ஜெர்மனியில் ஒரு நிறுவனம் நஞ்சைக் கழித்து, பெட்டாசினை மட்டும் அளவோடு நிறுத்தி ஒரு சத்தைத் தயாரித்தது. ‘பெட்டாடோலெக்ஸ்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அடுத்து வரும் முக்கியமான தடுப்பு ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது இந்த ஒரே நிறுவனத்தின் ஒரே சத்துதான். இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆய்வுகள் சொன்னது

முதல் ஆய்வு ஜெர்மனியில், 60 பேரிடம். பாதிப் பேருக்குக் கிழங்குச் சத்து 50 மில்லிகிராம் நாளைக்கு இருமுறை, மற்றவர்களுக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதன் புள்ளிவிவரங்களை மறுபடி அலசி 2004இல் வெளியிட்டார்கள். மாதம் 3.4 முறை வந்த தலைவலி, சத்துச் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் 1.8 ஆகக் குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 2.9இலிருந்து 2.6. தலைவலி பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் இந்தப் பக்கம் 45 சதவீதம், அந்தப் பக்கம் 15 சதவீதம்.

இரண்டாவது ஆய்வு பெரியது. 245 பேர், நான்கு மாதம், மூன்று குழுக்கள். ரிச்சர்ட் லிப்டன் தலைமையில் 2004இல் ‘நியூராலஜி’ இதழில் வெளிவந்தது. 75 மில்லிகிராம் இருவேளை எடுத்தவர்களுக்குத் தலைவலி 48 சதவீதம் குறைந்தது. 50 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 36 சதவீதம். வெற்று மாத்திரைக்கு 26 சதவீதம். அதிகம் பேர் சொன்ன தொந்தரவு, ஏப்பம்.

இந்த எண்களை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். வெற்று மாத்திரையே 26 சதவீதம் குறைத்திருக்கிறது. 75 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் கிழங்கின் சொந்தப் பங்கு என்று சொல்லக்கூடியது மிச்சமுள்ள 22 சதவீதப் புள்ளிகள். அதுவும் சிறிய விஷயமில்லை. மாதம் நான்கு முறை வலியில் கிடப்பவருக்கு ஒரு முறை குறைந்தாலே ஒரு நாள் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் மாதத்தில் சில முறை வலி வருபவர்கள். நாள்பட்ட நிலைக்குப் போய்விட்டவர்களிடம் இந்தக் கிழங்கு வேலை செய்யுமா என்று இந்த ஆய்வுகள் கேட்கவில்லை.

குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2008இல் ஜெர்மனியில் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: கிழங்குச் சத்து, இசை சிகிச்சை, வெற்று மருந்து. சிகிச்சை முடிந்த அடுத்த எட்டு வாரங்களில் வெற்று மருந்தை வென்றது இசை சிகிச்சை மட்டும்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் கிழங்கும் வென்றது. சிறிய ஆய்வு, ஐம்பத்துச் சொச்சம் குழந்தைகள். இதை வைத்து இசையைப் பெரிய மருந்தாக்கிவிடக் கூடாது. ஆனாலும் ‘ஏ’ தரம் வாங்கிய கிழங்குக்குப் பின்னால் பல ஆண்டு விளம்பரம் ஓடியது. குழந்தைகளுக்கு முதலில் உதவிய இசையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கல்லீரல்

2009க்குப் பிறகு ஜெர்மனியில் இந்தச் சத்து அனுமதி பெற்ற மருந்தாக இல்லை. 2012இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டர்பர் பொருள்களைச் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 40 கல்லீரல் பாதிப்புகள் பட்டர்பரோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்டிருந்தன. அதில் இருவருக்குக் கல்லீரலே செயலிழந்து, மாற்று அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் ‘ஏ’ தரமும் இந்த எச்சரிக்கையும் ஒரே ஆண்டில் வந்தன. ஒரு கண்டத்தில் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள், இன்னொரு கண்டத்தில் பரிந்துரைப் பட்டியலின் உச்சியில் வைக்கிறார்கள். நோயாளி எதை நம்புவார்?

பைரோலிசிடின் ஆல்கலாய்டு வாயில் போகும்போதே நஞ்சாகப் போவதில்லை. உடலைச் சுத்தம் செய்யும் கல்லீரல் நொதிகளே அதைக் கொடிய பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள் கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்கி வழி அடைபடுகிறது, ரத்தம் தேங்குகிறது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது.

இது ஏதோ ஐரோப்பிய நஞ்சு என்று ஒதுக்க வேண்டாம். 1975இல் அன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருந்த, இன்று சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா மாவட்டத்து ஊர்களில் வயிறு வீங்கும் நோய் பரவியது. 67 பேர் பாதிக்கப்பட்டு 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது சாமை. அதில் கிலுகிலுப்பை இனச் செடியின் விதை கலந்திருந்தது. அந்த விதையில் இருந்தது இதே வகை ஆல்கலாய்டு. நம் வயல் வரப்புகளில் வளரும் தேள்கொடுக்குச் செடியிலும் இந்த வகை நஞ்சு உண்டு. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குச் சர்குஜாவின் அந்தச் சாமைதான் ஞாபகம் வருகிறது.

சரி, நஞ்சைக் கழித்த சத்துதானே விற்றார்கள், பிறகு எப்படிக் கல்லீரல் கெட்டது? கழிப்பது எல்லாத் தயாரிப்பிலும் ஒரேபோல் நடந்ததா என்பது ஒரு சந்தேகம். பெட்டாசினே சிலருடைய கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்பது இன்னொன்று. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பாராசிட்டமாலிலிருந்து வேறு பல மாத்திரைகள்வரை சேர்த்து விழுங்குபவர்கள், அவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாமே என்பது மூன்றாவது. 40 நிகழ்வுகளிலும் கிழங்குதான் குற்றவாளி என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒற்றைத் தலைவலி ஆளைக் கொல்லும் நோயில்லை. தடுப்பு மருந்து என்பது நல்ல கல்லீரலோடு இருப்பவர் மாதக்கணக்கில் தினம் எடுப்பது. அந்தத் தராசில் சந்தேகமே போதுமான எடை. விலக்கிக்கொண்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று ஆண்டு தாமதம்தான் உறுத்துகிறது.

கணக்கு எங்கே உதைத்தது?

இந்த நிகழ்வில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. 245 பேர் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 160 பேர், நிஜக் கிழங்கைச் சாப்பிட்டவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கல்லீரல் செயலிழக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஆபத்து பூச்சியம் என்று சொல்லிவிட முடியாது. புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு: ஒரு தீங்கு ஒருமுறைகூட நேராதபோது, மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ஆபத்தின் மேல் எல்லை. 160 பேருக்கு அது கிட்டத்தட்ட 50இல் ஒன்று. அதாவது 50 பேரில் ஒருவருக்குக் கெடுதல் செய்யும் மருந்துகூட இந்த ஆய்வில் சத்தமில்லாமல் தேறிவிடலாம். பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் ஆபத்து, அதற்கு மேல் இல்லை என்று நம்பிக்கையோடு சொல்ல 30,000 பேரைக் கவனித்திருக்க வேண்டும்.

பலனைக் கண்டுபிடிக்க நூற்றுச் சொச்சம் பேர் போதும், அரிதான தீங்கைக் கண்டுபிடிக்கப் போதாது. இரண்டும் வேறு வேறு பரீட்சை. அனுமதி பெற்ற மருந்தாக இருந்தால், சந்தைக்கு வந்த பிறகும் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு ஓரளவுக்காவது இருக்கும். அமெரிக்காவிலோ 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இதெல்லாம் ‘உணவுத் துணைப்பொருள்’. விற்பதற்கு முன் பலனையோ பாதுகாப்பையோ அரசிடம் நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. வழிகாட்டுதல் ஒரு நிறுவனத்தின் சத்தைச் சோதித்த ஆய்வுகளை வைத்து ‘பட்டர்பருக்கு ஏ தரம்’ என்றது. கடையில் நோயாளி கையில் எடுத்ததோ பட்டர்பர் என்று பெயர் ஒட்டிய ஏதோ ஒரு குப்பி. ‘பலன் உறுதி’ என்ற சொல்லை மட்டும் கேட்டவருக்குப் பாதுகாப்பும் உறுதி என்றுதான் காதில் விழுந்திருக்கும்.

அம்மாவுக்கும் அப்படி ஒரு குப்பி வந்தது, அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பெட்டியில். நான்கைந்து மாதம் சாப்பிட்டார். தலைவலி குறைந்ததாகவே சொன்னார். அது கிழங்கா, அந்த 26 சதவீதமா, அல்லது அதே சமயம் வலி மாத்திரையைக் குறைத்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எச்சரிக்கை பற்றிப் படித்த அன்றே நிறுத்தச் சொல்லி, கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சரியாக இருந்தது. முடிவு வரும்வரை இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

பட்டியலில் மிச்சம் இருப்பவை

கிழங்கு போனதோடு மாற்று வழிகள் எல்லாம் போய்விடவில்லை. ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, நாளைக்கு 400 மில்லிகிராம் கொடுத்து பெல்ஜியத்தின் ஷோனென் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில் 55 பேர். தலைவலி பாதியாகக் குறைந்தவர்கள் 59 சதவீதம், வெற்று மாத்திரையில் 15 சதவீதம். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும் என்பதால் தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்கே தெரிந்துவிடும் சிக்கல் இந்த வைட்டமினுக்கு உண்டு. மெக்னீசியம் 600 மில்லிகிராம் கொடுத்த 1996 ஜெர்மன் ஆய்வில் 81 பேர், தலைவலி 41.6 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரைக்கு 15.8. சிலருக்கு வயிற்றோட்டம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அக்குபஞ்சர் பற்றி 2005இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வில் 302 பேர். முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 51 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகின. சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 53 சதவீதம். காத்திருப்புப் பட்டியலில் வெறுமனே இருந்தவர்களில் 15 சதவீதம். எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்ற சாத்திரம் இங்கே நிற்கவில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, தொட்டு, கவனித்ததில் பாதிப் பேருக்கு வலி குறைந்ததும் உண்மை. அதை ‘வெறும் மனப்பிரமை’ என்று தள்ளுகிற மருத்துவர்கள், தங்கள் வெளிநோயாளி அறையில் ஒரு தலைவலிக்காரருக்கு எத்தனை நிமிடம் தருகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கிழங்கின் கதையில் பிற்பாடு ஒரு திருப்பமும் வந்தது. ஐசோபெட்டாசின் நரம்பு முனைகளில் உள்ள ஒரு வாயிலில் வேலை செய்து, ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவதில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற பொருள் வெளியாவதைக் குறைக்கிறது என்று 2017இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே சிஜிஆர்பி போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் மருந்தாகத்தான் 2018இல் எரனுமாப் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆற்றங்கரைச் செடி தட்டிய கதவு சரியான கதவாகவே இருந்திருக்கலாம். அந்த ஊசியின் விலை நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது என்பதால்தான் குப்பி மாத்திரைகளுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியிலோ பட்டர்பர் அல்லது பெட்டாசைட்டிஸ் என்று எழுதிய குப்பி இருந்தால், ‘நஞ்சு நீக்கப்பட்டது’ என்ற வரி அதில் அச்சாகியிருந்தாலும் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, பசியே இல்லாமல் குமட்டுவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிடுவது நல்லது. குப்பியையும், இதுவரை சாப்பிட்ட வலி மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துப் போங்கள். மூலிகைதானே என்று அதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.